கத்தினால் கேட்காது: எஃப்.ரி.8 அலைவரிசையில் இருந்து ஒரு முறைப்பாடு

ஹாம் றேடியோ பற்றி எங்கட வயசு ஆக்களோட கதைச்சால் வாற முதல் கேள்வி "எத்தனை வோட்ஸ்?" இரண்டாவது, "எவ்வளவு தூரம் போகும்?" இரண்டும் பிழையான கேள்விகள் இல்லை. ஆனால் மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி வாறதே இல்லை: போற சிக்னல் துப்புரவாகப் போகுதா? நான் அதைத்தான் முதலாவதாக வைக்கச் சொல்லுவேன். டிஜிட்டல் முறைகளில் தன்ர சிக்னலின் தரத்தை அனுப்புகிறவர் தன்ர மேசையில் இருந்து காண்பது மிகக் கஷ்டம். எங்கேயோ இருந்து கேட்கிற இன்னொருவருக்குத்தான் அது தெரியும். அந்த இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லுகிற பழக்கமோ மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு இருக்குது.

கலைப்பீடத்தில் படிக்கிற ஒருத்திக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னட்ட அனுமதிப்பத்திரமும் இல்லை, ட்ரான்ஸ்மிற்றரும் இல்லை. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற சிநேகிதி ஒருத்தி போன வருசம் கிளிநொச்சியில் எங்கட வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு நெதர்லாந்தில் இருக்கிற ஒரு றிசீவரை என்ர போனில் திறந்து காட்டினாள். ட்வென்ரே பல்கலைக்கழகத்தின் றிசீவர் அது. 2008 இல் முதன்முதல் இணையத்துக்கு வந்தது, ஆர் வேண்டுமானாலும் மீடிறனை மாற்றிக் கேட்கலாம். அவள் 14.074 மெகாஹேர்ட்ஸில் வைத்தாள். பத்திருபது பேர் ஒன்றாக விசில் ஊதுற மாதிரி ஒரு சத்தம். போனை லாப்டொப்பின் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள், அவ்வளவுதான். கால் நிமிசத்தில் திரையில் அழைப்புக்குறிகள் வரிசையாக விழத் தொடங்கின. அன்றைக்குத் தொடங்கி நான் கேட்கிறவள். கேட்கிறவளுக்கு அனுப்புறவரின் அழுக்கு தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு என்னுடைய ஒரே தகுதி.

எஃப்.ரி.8 என்பது 2017 இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து வெளியிட்ட முறை. டெய்லர் சும்மா ஆள் இல்லை. இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக 1993 இல் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விண்வெளி இரைச்சலுக்குள் இருந்து மெல்லிய துடிப்புகளைப் பொறுக்கி எடுத்த அதே மூளை இதுக்குள்ளும் வேலை செய்திருக்குது. எட்டுச் சுரங்கள், ஒன்றுக்கொன்று 6.25 ஹேர்ட்ஸ் இடைவெளி, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும். 79 சுரங்களை அடுத்தடுத்து அனுப்பி 12.64 செக்கனில் ஒரு செய்தி முடியும். எல்லாரும் 15 செக்கன் முறை வைத்துப் பேசுவார்கள். சிக்னல் எடுக்கிற அகலம் வெறும் 50 ஹேர்ட்ஸ். ஒருவர் வாயால் பேசுவதற்கு வேண்டிய மூவாயிரம் ஹேர்ட்ஸ் இடத்துக்குள் இதில் அறுபது பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இரைச்சலை விட நூறு மடங்குக்கு மேல் மெலிந்து போன சிக்னலையும் மென்பொருள் வாசித்துவிடும்.

இந்த அறுபது பேர் கணக்குத்தான் எல்லாப் பிரச்சினைக்கும் அடி. வாய்க்கால் ஒன்று, வயல் அறுபது. ஒருவர் தன்ர மடையை அளவுக்கு மேல் திறந்தால் மற்றவரின்ர வரம்பு உடையும்.

எப்படி உடையும்? திருவிழா நேரம் லவுட்ஸ்பீக்கர் கட்டுறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அம்ப்ளிஃபையரை முறுக்க முறுக்க ஒரு கட்டம் வரைக்கும் சத்தம் கூடும். அதுக்கு மேல் முறுக்கினால் பாட்டு கிழியும். கிழியுறது எண்டால் என்ன? அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. தலை தட்டையான அலைக்குள் முன்பு இல்லாத சுரங்கள் பிறக்கும்: இரண்டு மடங்கு மீடிறனில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்று. ஏ.எல். பௌதிகவியல் படித்தவர்களுக்கு மேற்றொனி எண்டால் விளங்கும். கோயிலில் அது காதைக் குத்தும், அவ்வளவுதான். எஃப்.ரி.8 இல் அது வேறொருவரின்ர இடத்தில் போய்க் குந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 800 ஹேர்ட்ஸ் சுரத்தில் அனுப்புகிறார். லாப்டொப்பின் வொலியூம் நூறில் இருக்குது, றேடியோவின் உள்ளீட்டு அளவும் கூட. ஒலி எங்கோ ஒரு கட்டத்தில் வெட்டுப்படுகிறது. உடனே 1600 இலும் 2400 இலும் இரண்டு பேய்ச் சிக்னல்கள். றேடியோவின் வடிகட்டி ஏறத்தாழ 2700 ஹேர்ட்ஸ் வரைக்கும் விடுவதால் இரண்டும் தாராளமாக வெளியே போகும். 1600 இல் வியட்நாமில் இருந்து மெல்லியதாக வந்துகொண்டிருந்த ஒருவர் அதோடு முடிந்தார். அனுப்பியவருக்கு ஒன்றுமே தெரியாது. அவருடைய திரையில் எல்லாம் பச்சை.

இதற்கு டெய்லரின் குழு செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். மென்பொருளில் ஸ்ப்ளிற் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், நீங்கள் எந்த இடத்தில் அனுப்ப நினைத்தாலும் றேடியோவின் மீடிறனைத் தானே கொஞ்சம் நகர்த்தி, ஒலிச் சுரத்தை எப்போதும் 1500க்கும் 2000க்கும் இடையில் வைத்துக்கொள்ளும். 1500 இன் இரண்டு மடங்கு 3000. அது வடிகட்டியைத் தாண்டாது. அதாவது பேய் பிறந்தாலும் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும். காசு செலவில்லை, ஒரு சொடுக்கு. இதைக்கூடச் செய்யாமல் ஐயாயிரம் மைல் போக நினைக்கிற ஆக்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

இனி ஏ.எல்.சி. இது ட்ரான்ஸ்மிற்றருக்குள் இருக்கிற காவல்காரன். வருகிற ஒலி கூடிப்போனால் பெருக்கத்தைப் பிடித்துக் குறைக்கும். வாயால் பேசும்போது ஒருவர் திடீரெனக் கத்தினால் இது நல்ல உதவி. டிஜிட்டலில் அந்த மீற்றர் ஏறி நின்றால், நீங்கள் வேண்டியதை விடக் கூட ஒலி தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். அதனால்தான் பழைய ஆட்கள் ஏ.எல்.சி ஊசியை அசையவிடாதே என்று சொல்லிச் சொல்லிக் களைத்தார்கள். செய்முறையும் அப்படியொன்றும் பெரிதில்லை. அன்ரெனாவைக் கழற்றி டம்மி லோட்டைக் கொழுவ வேண்டும். குரலுக்கான கொம்பிரசரை நிறுத்த வேண்டும். லாப்டொப்பின் அறிவிப்புச் சத்தங்களையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வந்த செய்தி ஜப்பான் வரைக்கும் போகும். பிறகு ஒலியைக் குறைவில் இருந்து மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போக, ஒரு இடத்தில் பவர் கூடுவது நிற்கும் அல்லது ஏ.எல்.சி ஊசி அசையும். அதில் இருந்து கொஞ்சம் கீழே இறக்கி விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் ஏ.எல்.சி பூச்சியம் என்பதை வேதவாக்காகப் பிடித்துத் தொங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எலெக்ராஃப்ற் கே3 இல் நாலு பட்டை நின்று ஐந்தாவது மினுங்குவதுதான் சரியான அளவு என்று செய்த கம்பனியே சொல்லுகிறது. மீற்றருக்கு மீற்றர் பாசை வேறு. அதோடு எஃப்.ரி.8 இல் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், உயரம் மாறாத அலை, ஆகவே கடைசி அம்ப்ளிஃபையர் கொஞ்சம் வளைந்தாலும் அது பெரிதாகக் கெடாது. கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்னால், ஒலி போகிற வழியில். 1998 இல் இங்கிலாந்தின் பீற்றர் மார்ட்டினெஸ் கொண்டுவந்த பி.எஸ்.கே.31 அப்படி இல்லை. அதில் அலை ஒவ்வொரு முறை கட்டம் மாறும்போதும் பூச்சியத்துக்கு இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தின் தலையை வெட்டினால் சிக்னலின் இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரிக் கோடுகள் வளரும். தத்துவம் விளங்காமல் மீற்றரை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது.

பி.எஸ்.கே.31 காலத்து ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எதிர்ப்பக்கத்தார் தட்டச்சு செய்யாமல் சும்மா நிற்கும்போது அவருடைய சிக்னல் இரண்டு சுரமாக நிற்கும். அதை வைத்து உங்கள் மென்பொருள் அவருடைய அழுக்கை அளந்து ஒரு எண் காட்டும். மைனஸ் 25 டெசிபெல் என்றால் நல்லது, மைனஸ் 30 என்றால் மிக நல்லது, மைனஸ் 15 என்றால் "அண்ணை, ஒலியைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று தட்டச்சு செய்துவிடலாம். அவர் அந்த இடத்திலேயே குறைப்பார், நீங்கள் திரும்பப் பார்த்துச் சொல்லுவீர்கள். மோர்ஸ் காலத்திலேயே இது இருந்தது. வாசிக்கக்கூடிய தன்மைக்கு ஒரு எண், பலத்துக்கு ஒரு எண், தொனியின் தரத்துக்கு ஒரு எண். மூன்றாவது எண் அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. டிஜிட்டலுக்கென்று அந்த மூன்றாவது எண்ணைத் தரம் என்று மாற்றி, பக்கக் கோடுகளை எண்ணிப் புள்ளி போடுகிற ஒரு முறையும் பிறகு வந்தது.

எஃப்.ரி.8 இல் அந்த மூன்றாவது எண்ணுக்கு இடம் இல்லை. ஒரே எண்தான், அதையும் மனிதர் போடுவதில்லை, மென்பொருள் போடுகிறது. மைனஸ் 12 என்று வந்தால் இரைச்சலோடு ஒப்பிட உங்கள் பலம் அவ்வளவு என்று மட்டும் அர்த்தம். உங்கள் சிக்னல் மூன்று இடத்தில் பேயாக நிற்கிறதா என்பதை அது சொல்லாது. சொல்ல நினைத்தாலும் சொந்த வசனத்துக்குத் தருவது 13 எழுத்து. பதின்மூன்று எழுத்தில் ஒருவரைக் கோபப்படுத்தாமல் அவருடைய ஒலி கூட என்று எப்படிச் சொல்லுவது? (போட்டி நாட்களில் குரலில் பேசுறவர்களும் திறம் இல்லை. "உங்கட சிக்னல் 59, அழைப்புக்குறியை இன்னும் மூண்டு தரம் சொல்லுங்கோ" என்கிற பகிடி சும்மா வந்ததில்லை.) என்னைப் பொறுத்தவரை எஃப்.ரி.8 இன் உண்மையான குறை இதுதான். "கொம்பியூட்டரும் கொம்பியூட்டரும் கதைக்குது, மனுசர் எங்க?" என்று வழக்கமாக வைக்கிற குற்றச்சாட்டை நான் பெரிதாக எடுக்கிறதில்லை. ஒருவரின் அழுக்கை அவருக்கு மரியாதையாகச் சொல்லுகிற வழி இதில் அடைபட்டுப்போனதுதான் எனக்குக் கவலை.

வழி முழுக்க அடைபடவில்லை என்றும் சொல்ல வேண்டும். நான் முதலில் சொன்ன மாதிரி இணையத்தில் இருக்கிற றிசீவர்களில் உங்களுடைய சிக்னலை நீங்களே போய்ப் பார்க்கலாம். அயலாரின் வீட்டில் இருந்து உங்கள் வீட்டைப் பார்க்கிற மாதிரி. இருபது வருசத்துக்கு முதல் இருந்தவர்களுக்கு இது கனவு. அனுமதிப்பத்திரம் எடுக்கிற ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இன்னொரு விசயம், குற்றம் சொல்ல முதல் உங்கட றிசீவரைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பெரிய சிக்னல் வந்தால் உங்கள் றிசீவரே திணறிப் பேய்களைக் காட்டும். அற்றனுவேற்றரைப் போட்டுப் பத்து டெசிபெல் குறையுங்கள். பேயும் பத்தே குறைந்தால் அது அவருடையது. பத்தை விட நல்லாகக் கூடக் குறைந்தால் உங்கட வீட்டுப் பேய்.

"பவர் வேண்டும்" கட்சிக்கு ஒரு கணக்கு மட்டும். 25 வோட்ஸை 100 ஆக்கினால் கிடைப்பது ஆறு டெசிபெல். மைனஸ் 10 இல் வாசிக்கப்பட்டவர் மைனஸ் 4 இல் வாசிக்கப்படுவார். வாசிப்பில் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு அரை நிமிசத்திலும் 12.64 செக்கன் முழுப் பவரில் நிற்பதால் சூட்டில் தவிக்கிறது உங்கள் றேடியோதான்.

இதையெல்லாம் வன்னியில் இருந்து ஏன் எழுத வேண்டும்? இரண்டு காரணம்.

ஒன்று, எங்கட ஊரில் றேடியோ என்பது வேறு ஒரு பொருள். தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். மாமா சொல்லுவார், சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவில் வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பினமாம். ஒருவர் பெடலைக் கையால் சுத்த மற்றவர்கள் பி.பி.சி தமிழோசை கேட்பினம். மெதுவாகச் சுத்தினால் குரல் படுத்துவிடும். வேகமாகச் சுத்தினால் செய்தி கூடக் கேட்காது, றேடியோதான் எரியும். ஒரே சீராகச் சுத்துற பொடியனுக்குத்தான் அந்த வேலை கிடைக்குமாம். ஏ.எல்.சி பற்றி முதல்முதல் வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பொடியன்தான். தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. சிற்றலையில் இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிடித்து வைத்திருக்கிற அந்தக் கைப்பழக்கமும் அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிறது.

அதே காலம் எங்களுக்கு இன்னொன்றையும் விட்டுப்போயிருக்கிறது. கூரைக்கு மேல் ஒரு வயர் நீண்டால் எங்கட சனம் முதலில் பயப்படும், பிறகுதான் என்ன எண்டு கேட்கும். வோக்கி ரோக்கி என்ற சொல்லையே குரலைத் தணித்துச் சொல்லுகிற ஆக்கள் இன்னும் இருக்கினம். ட்ரான்ஸ்மிற்றர் வைத்திருப்பதற்கு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். அது கடதாசி அனுமதி. அயலாரின் அனுமதி என்று ஒன்று தனியாக இருக்கிறது. நூறு வோட்ஸ் போட்டு, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் நாடகம் நடக்கிற நேரம் ஒவ்வொரு அரை நிமிசமும் கர்ர் என்று சத்தம் வந்தால், அந்த அனுமதி அன்றோடு போச்சு. பிறகு அந்த ஒழுங்கையில் இன்னொரு பிள்ளை அன்ரெனா கட்ட ஏலாது. கொழும்பில் இருக்கிறவருக்கு இது ஒரு சின்னச் சச்சரவு. எங்களுக்கு அப்படி இல்லை.

இரண்டாவது காரணம் 2004 டிசம்பர். சுனாமி வந்த அன்று அம்பாந்தோட்டையில் தொலைபேசி எல்லாம் செத்த பிறகு, விக்டர் குணதிலக்கவும் இலங்கை அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்காரரும் சிற்றலை றேடியோ கொண்டுபோய் அங்கிருந்து கொழும்பில் பிரதமரின் அவசர நிலையத்தோடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தமானில் பாரதி பிரசாத்தின் குழு வேறு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேயரில் நிலையம் போட்டிருந்தது. அலை அடித்த பிறகு அதுவே தீவுகளின் செய்தி வழியாக மாறியது. அதே அலை முல்லைத்தீவையும் அடித்தது. அதற்குப் பிறகு 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நாங்களே பார்த்தோம்.

அப்படியான நேரத்தில் 13 எழுத்து எஃப்.ரி.8 உதவாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதே அடித்தளத்தில் தட்டச்சு செய்து உரையாடக்கூடிய ஜே.எஸ்.8கோல் இருக்கிறது, பி.எஸ்.கே.31 இன்னும் இருக்கிறது. எல்லாவற்றிலும் லாப்டொப்பின் ஒலி றேடியோவுக்குள் போகிற அந்த ஒரே வழிதான், அதே ஒலி அளவுதான். மின்சாரம் போன வீட்டில் நூறு வோட்ஸ் றேடியோ அனுப்பும்போது இருபது அம்பியர் கேட்கும். ஐந்து வோட்ஸ் சின்ன றேடியோ ஒன்றிரண்டு அம்பியரில் ஓடும். மோட்டார் சைக்கிள் பற்றரி எதுக்குக் காணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஐந்து வோட்ஸை நம்பி இருக்கிறவருக்கு அந்த ஐந்தும் ஒரே சுரமாகப் போக வேண்டும், பேய்களுக்குப் பங்கு போடக் கட்டாது. வெள்ளம் வந்த அன்று இருந்து ஏ.எல்.சி பழக ஏலாது.

ஆகவே என்ர யோசனை இதுதான். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நாளைக்கு ஒரு ஹாம் கழகம் தொடங்குவதாக இருந்தால், றேடியோ வாங்கக் காசு சேர்ப்பதில் தொடங்க வேண்டாம். கேட்பதில் தொடங்கட்டும். ஆறு மாசம் ஒன்றும் அனுப்பாமல் கேட்டு, ஒவ்வொரு சிக்னலுக்கும் பலத்தோடு தரத்துக்கும் ஒரு எண் போட்டு ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். "அனுப்பாமல் என்ன ஹாம்?" என்று சிநேகிதி சண்டை பிடிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை எழுதி 4எஸ் என்று தொடங்குகிற ஒரு அழைப்புக்குறி எடுக்க வேண்டும், இந்த வருசமே. எடுக்கட்டும். அவள் அனுப்பும்போது அவளுடைய பேய்களை எண்ண நான் இருக்கிறேன்.

லீவில் வீட்டில் நிற்கிறவர்கள் ஒரு பின்னேரம் ட்வென்ரே றிசீவரைத் திறந்து, 14.074 இல் எஸ்.எஸ்.பி மேல்பக்கத்தைத் தெரிந்து, நீர்வீழ்ச்சித் திரையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே செக்கனில் தொடங்கி ஒரே செக்கனில் முடிகிற, ஒரே ஆள் மாதிரித் தெரிகிற இரண்டு கோடுகள் கண்ணில் பட்டால், இடதுபக்கத்துக் கோடு 14.074 இல் இருந்து எத்தனை ஹேர்ட்ஸ் தள்ளி நிற்கிறது என்று எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வலதுபக்கத்துக் கோடு அந்த இடத்தில் நின்றால் ஆளைப் பிடிச்சாச்சு.